ஏர்கூலர் நீரின் தரமும் பராமரிப்பும்: உசிலம்பட்டி வட்டாரம்

நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்வதே ஆவிக்குளிர்விப்பு. வீட்டு ஏர்கூலர், கோழிப்பண்ணையின் நனைந்த அட்டைச் சுவர், நூற்பாலையின் ஈரப்பதக் கூடம் எல்லாம் இம்முறையில்தான் இயங்குகின்றன. 30 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மதுரை மாவட்டத்தின் மேற்கில், மழைமறைவுப் பகுதியில் இருக்கும் உசிலம்பட்டியில் கோடையிலும் ஆனி, ஆடி மேல்காற்றிலும் காற்று வறண்டிருப்பதால் கூலர் நன்றாகவே குளிர்விக்கும். ஐப்பசி அடைமழையில் புழுக்கம்தான் மிச்சம்.

காற்று ஒத்துவந்தாலும் தண்ணீர் ஒத்துவருவதில்லை. வட்டாரத்தின் அடித்தளம் கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் நெடுநாள் தங்கும் நீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் கரைவதால், போர் தண்ணீர் பல இடங்களில் கடினநீராக இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐஎஸ் 10500) ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் இல்லாதபோது 600 வரை. வைகை அணையிலிருந்து வரும் குடிநீர் போர் தண்ணீரைவிட மென்மையானதுதான். ஆனால் குடத்தில் பிடித்த அதைக் கூலரில் ஊற்ற யாருக்கும் மனம் வராது.

ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு வாளியும் தன் உப்பைச் சேர்த்துவிட்டுப் போகும். நீரில் கரைந்த பைகார்பனேட் கார்பனேட்டாக மாறி, கூலரின் குளிர்விப்பு அட்டையில் வெள்ளையாகப் படியும், துளைகள் அடைபடும், காற்று குறையும். இதற்குத் தீர்வு மருந்தில் இல்லை, வடித்துவிடுவதில் இருக்கிறது. உதாரணமாக, லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீரைத் தொட்டியில் 3,000-ஐத் தாண்டாமல் வைக்க, 40 லிட்டர் ஆவியானால் 20 லிட்டரை வெளியேற்ற வேண்டும். தண்ணீர்ப் பஞ்சம் அறிந்த ஊரில் இது வீணாகத் தோன்றலாம். புது அட்டையின் விலையோடு ஒப்பிட்டால் அப்படித் தோன்றாது. வடித்த நீரில் வாசல் கழுவலாம்.

மென்னீராக்கி கால்சியத்துக்குப் பதில் சோடியத்தைத் தருமே தவிர, மொத்த உப்பைக் குறைக்காது. ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரைக் கூலருக்கு ஊற்றுவது சிக்கனம்போல் தெரியும். அது ஏற்கெனவே உப்பு செறிந்த நீர் என்பதால் படிவு விரைவில் வரும். பிளீச்சிங் பவுடர் பாசியைக் கொல்லும். அளவு மீறினால் காகித அட்டையையும் அரிக்கும். அட்டையைக் கழற்றி, தொட்டியை மட்டும் அந்தப் பவுடர் கரைத்த நீரில் கழுவுவது நல்லது.

உப்பைத் தவிர, நீரில் வளரும் கிருமியும் ஒரு கவலை. 1976-இல் பிலடெல்பியா விடுதியொன்றில் பரவிய நுரையீரல் நோயை ஆராய்ந்தபோது லெஜியோனெல்லா கிருமி கண்டறியப்பட்டது. குளிர்விப்புக் கோபுரங்களின் நீர்த்துளிகள் வழியாக அது பரவுவது பின்னர் உறுதியானது. தொட்டி நீர் பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும் வீட்டுக் கூலரில் அந்த அபாயம் குறைவு.

இங்கே பெரிய கவலை டெங்குதான். ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாகிவிடும் என்பதால், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிக் காயவைப்பது அவசியம். கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதம் காய்ந்தே கிடந்து, அடுத்த கோடையில் தண்ணீர் பட்டதும் பொரியும். தேய்த்துக் கழுவாமல் பரணில் ஏற்றிய கூலர் அவற்றையும் சேர்த்தே பாதுகாக்கிறது.