பண்டிகைத் திரைப்படம்: இரு மரபுகள்

தமிழில் ‘தீபாவளிப் படம்’ என்னும் தொடர் வழங்குவது போலவே ஆங்கிலத்தில் ‘கிறிஸ்துமஸ் படம்’ என்னும் தொடரும் வழங்குகிறது. இவ்விரண்டையும் ஒரே வகையினவாகக் கொண்டு ஒப்பிடுவது பொருந்தாது. தீபாவளிப் படம் என்பது தீபாவளியையொட்டி வெளியாவது. அதன் கதையில் தீபாவளி இடம்பெற வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் படமோ அப்பண்டிகையைக் கதைக்குள் கொண்டிருப்பது. அது எந்த மாதத்திலும் வெளியாகலாம். தம்மை உண்மையான சாண்டா கிளாஸ் என்று கூறும் முதியவரை நீதிமன்றத்தில் நிறுத்தும் ‘மிரக்கிள் ஆன் தேர்ட்டிஃபோர்த் ஸ்ட்ரீட்’ 1947ஆம் ஆண்டின் கோடையில் திரைக்கு வந்தது. இவ்வேறுபாட்டின் வேரைச் சில படங்களின் வரலாற்றுவழிக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிறிஸ்துமஸைப் பொருளாகக் கொண்ட படங்கள் திரைக்கலையின் தொடக்கக் காலத்திலேயே தோன்றிவிட்டன. இங்கிலாந்தில் ஜி.ஏ. ஸ்மித் 1898இல் எடுத்த ‘சாண்டா கிளாஸ்’ ஒரு நிமிடத்தைச் சற்றே கடந்த அளவினது. உறங்கும் குழந்தைகளின் அறையையும் கூரைமேல் வந்திறங்கும் சாண்டாவையும் ஒரே சட்டகத்துள், வட்டம் ஒன்றினுள் மற்றொரு காட்சியை இணைத்துக் காட்டியமை அக்காலத்திற்குப் பெரிய உத்தி. ஆர்.டபிள்யூ. பால் தயாரித்த ‘ஸ்க்ரூஜ்’ (1901) டிக்கன்ஸின் கதையைத் தழுவியது. இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆய்வாளர் அன்றிப் பிறர் இவற்றைத் தேடிப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பண்டிகைக்குரிய படமாக ஒன்று நிலைபெறுவதற்குக் கதை மட்டும் போதாது என்பதற்குச் சிறந்த சான்று ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்பவர் தம் சிறுகதையை வெளியிடுவார் கிடைக்காமையால் 200 படிகள் அச்சிட்டு, 1943ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்க்கு அனுப்பினார். அக்கதையே படமாகி 1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பெற்றது. பிற ஊர்களில் பொதுவாக 1947 சனவரியில், அதாவது பண்டிகை கழிந்தபின், வெளியாயிற்று. செலவிட்ட பணத்தையும் அப்படம் ஈட்டவில்லை.

கதையும் கொண்டாட்டத்திற்கு உரியதன்று. சிறுநகர் ஒன்றில் வீட்டுக்கடன் சங்கம் நடத்தும் ஜார்ஜ் பெய்லி, 8000 டாலர் தொலைந்துபோனதால் கிறிஸ்துமஸ் முன்னிரவில் உயிர்விடத் துணிந்து பாலத்தின்மீது நிற்கிறான். தான் பிறந்திராவிடில் ஊர் எவ்வாறிருந்திருக்கும் என்பதை வானதூதர் ஒருவர் அவனுக்குக் காட்டுகிறார். பணத்தை மறைத்துவைத்த செல்வர் இறுதிவரை தண்டிக்கப்படுவதில்லை. இந்தக் கசப்பே படத்தின் வலிமை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. இறுதிக்காட்சியின் கண்ணீரை மட்டும் நினைவிற்கொண்டு இதனை இனிப்பான படம் என்போர் நடுப்பகுதியை மறந்தவராவர்.

மறந்துபோன இப்படத்தை மீட்டது ஓர் எழுத்தர் பிழை எனலாம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28ஆம் ஆண்டில் புதுப்பித்திருக்க வேண்டிய பதிப்புரிமையை உரிமையாளர் 1974இல் புதுப்பிக்கத் தவறினர். கட்டணமின்றிக் கிடைத்த படத்தை நாடெங்கும் உள்ள தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர்தோறும் பலமுறை ஒளிபரப்பின. ஒரு தலைமுறை அதனைப் பார்த்தே வளர்ந்தது. படத்தின் உரிமை போனாலும் மூலக்கதையின் உரிமை போகவில்லை என்னும் வாதத்திற்கு 1990ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்று வலுச்சேர்த்தது. அவ்வழக்கு வேறொரு படம் பற்றியது. ஆயினும் அதன் பெயரில் இடம்பெறும் ஸ்டூவர்ட், ஜார்ஜ் பெய்லியாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டே என்பது சுவையான ஒற்றுமை. 1993இல் ரிபப்ளிக் நிறுவனம் உரிமையை நிலைநாட்டியது. கட்டற்ற ஒளிபரப்பு நின்றது. அதற்குள் அப்படம் பண்டிகையின் பகுதியாகிவிட்டது.

உருசியாவிலும் இதற்கு இணையான ஒன்றைக் காணலாம். சோவியத் ஆட்சியில் கிறிஸ்துமஸ் ஒதுக்கப்பெற்று, 1935 முதல் அலங்கார மரம் புத்தாண்டிற்கு உரியதாயிற்று. எல்தார் ரியாசானவின் ‘விதியின் விளையாட்டு’ என்னும் படம் 1976 சனவரி முதல் நாள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. மாஸ்கோ மருத்துவர் ஒருவர் குடிமயக்கத்தில் லெனின்கிராடு சென்றுவிடுகிறார், அங்கும் அதே தெருப்பெயர், அதே கட்டடம், அதே வீட்டெண், சாவியும் பொருந்துகிறது. ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புகளைப் பற்றிய அங்கதம் ஆண்டுதோறும் காணும் சடங்காயிற்று. அங்குச் சட்டப்பிழை இல்லை. மறு ஒளிபரப்பே அதனைச் செய்தது.

தமிழ்நிலை இதற்கு நேர்மாறானது. 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. நாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதர் அவ்வாண்டின் இறுதியில் கைதாகிச் சிறையிலிருக்கையிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. ஆயினும் பின்னாளில் தீபாவளிதோறும் ‘ஹரிதாஸ்’ காணும் வழக்கம் தோன்றவில்லை. தமிழ்த் தொலைக்காட்சிகள் பண்டிகையன்று விளம்பரப்படுத்துவது ‘முதன்முறையாக’ ஒளிபரப்பாகும் அண்மைப் படத்தையே. பரணிலிருந்து ஆண்டுக்கொருமுறை இறக்கும் அலங்காரப் பெட்டி போன்றது கிறிஸ்துமஸ் படம். மஞ்சள் தடவி உடுத்தும் கோடித்துணி போன்றது தீபாவளிப் படம். கோடியை மறு தீபாவளிக்கு உடுத்துவாரில்லை.

இதனால் ஆய்வாளர்க்கு ஓர் இடர் நேர்கிறது. ‘பராசக்தி’ 1952 அக்டோபர் 17ஆம் நாள் தீபாவளிக்கு வந்தது என்பதையோ, ‘தேவர் மகன்’ 1992 தீபாவளிக்கு வந்தது என்பதையோ படத்தைப் பார்த்து எவரும் அறிய இயலாது. கிறிஸ்துமஸ் படத்தின் வரலாற்றைப் படச்சுருளிலிருந்தே தொடங்கலாம். தீபாவளிப் படத்திற்கு முதற்சான்று அந்நாளைய நாளிதழ் விளம்பரமும் அரங்கின் சுவரொட்டியும் பாட்டுப்புத்தகமுமே. 1940களின் நாளிதழ்த் தாள் புரட்டும்போதே பொடிகிறது.