முள்முடி போன வழி

பிலாத்துவின் அரண்மனை முற்றத்தில் முள்முடியைப் பின்னிய படைவீரர்களுக்கு அது சற்றுநேர வேடிக்கை. அரசன் என்றால் மேலாடை வேண்டும், செங்கோல் வேண்டும், முடி வேண்டும். இயேசுவின் கையில் ஒரு கோலைக் கொடுத்தார்கள். தலையில் முள்ளை வைத்தார்கள். பிறகு அந்தக் கோலையே எடுத்துத் தலையில் அடித்தார்கள் என்கிறார் மத்தேயு. அடி ஒவ்வொன்றும் முள்ளின் மேல் விழுந்த அடி. மேலாடையைக் கழற்றி அவருடைய உடையை உடுத்திவிட்டதைச் சொல்லும் நற்செய்தியாளர்கள், முடியைக் கழற்றியதாக ஒரு வரிகூட எழுதவில்லை. கல்வாரியில் அது அவர் தலையிலேயே இருந்ததாகத்தான் ஓவியர்கள் தீட்டிவந்தார்கள். நாமும் அப்படியே நினைத்து ஜெபிக்கிறோம்.

அதன்பின் சில நூற்றாண்டுகளுக்கு அதைப் பற்றிப் பேச்சில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலா நகரத்துப் புனித பவுலினுஸ், எருசலேமில் வணங்கப்படும் திருப்பண்டங்களில் முட்களையும் குறிப்பிடுகிறார். பின்னர் அது கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர்களின் அரண்மனைச் சிற்றாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. 1204-இல் சிலுவைப்போர் வீரர்கள் அந்தக் கிறிஸ்தவ நகரத்தையே சூறையாடினார்கள். அவர்கள் நிறுவிய அரசு கடனில் மூழ்கியது. கடைசியில், 1238-இல், முள்முடியை வெனிஸ் வணிகரிடம் அடகு வைத்தார்கள். முப்பது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவரின் முடி அடமானப் பொருளாயிற்று.

மீட்டவர் பிரான்சின் ஒன்பதாம் லூயி மன்னர். அதற்காக அவர் கொடுத்தது 1,35,000 லிவர் என்கிறார்கள். அதை வைக்கக் கட்டிய செந்த்-ஷப்பெல் ஆலயத்துக்கான செலவோ சுமார் 40,000 லிவர்தான். 1239 ஆகஸ்டில் முடி வந்தபோது, மன்னர் அரச உடையைக் களைந்து, வெறுங்காலோடு, தம்பி ரொபேருடன் சேர்ந்து அதைச் சுமந்தார். கொடுத்த பணத்தைவிட அந்த வெறுங்கால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்று அருகில் போய்ப் பார்ப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அதில் முள்ளே இல்லை. உலர்ந்த கோரைத் தண்டுகளைச் சேர்த்துப் பொன்னிழையால் கட்டிய, ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வளையம் மட்டுமே படிகக் குழாய்க்குள் இருக்கிறது. பேரரசர்களும் அரசர்களும் ஒவ்வொரு முள்ளாக எடுத்து வேண்டியவர்களுக்குப் பரிசளித்துவிட்டார்கள். அப்படிப் பிரிந்துபோனவற்றில் சில இலந்தை இனத்து முட்கள் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நம் ஊர் இலந்தை முள் காலில் தைத்தவருக்கு அது நெற்றியில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

பிரெஞ்சுப் புரட்சியில் செந்த்-ஷப்பெல் ஆலயத்திலிருந்து அகற்றப்பட்ட வளையம், 1806-இல் பாரிசின் நோத்ர-தாம் பேராலயத்துக்கு வந்தது. 2019 ஏப்ரல் 15 மாலை, புனித வாரத்துத் திங்களன்று, அந்தப் பேராலயத்தின் கூரை எரிந்தது. தீயணைப்புப் படையின் ஆன்ம குரு ஜான்-மார்க் ஃபுர்னியே உட்படப் பலர் உள்ளே போனார்கள். முடி பத்திரமாக வெளியே வந்தது. லூவ்ர் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு, 2024 டிசம்பர் 13 அன்று பேராலயத்துக்குத் திரும்பியது.

இது அந்த முடியேதானா என்று நிரூபிக்க யாராலும் முடியாது. திருச்சபையும் அதை விசுவாசக் கோட்பாடாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த முற்றத்தில் அவர் பட்ட ஏளனத்துக்கு நற்செய்தி சாட்சி. பாரிசுக்குப் போக நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? வரும் புனித வெள்ளியில் சிலுவையை முத்தி செய்யப் போகுமுன், மாற்கு நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தின் 16 முதல் 20 வரையுள்ள வசனங்களை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து, அவசரமில்லாமல் ஒருமுறை வாசியுங்கள்.