கண்டறிதலும் கற்பித்தலும்

வேப்பந்தட்டையில் வாழும் நான் மருத்துவன் அல்லேன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். ஆயினும், மருத்துவருக்கே மருத்துவமுறையைத் திருத்தக் கற்பித்த வரலாறு ஆசிரியர்க்கும் உரியது.

1847இல் வியன்னா மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார் பலர் காய்ச்சலால் மாண்டனர். செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் இறப்புகளைக் கணக்கிட்டார். மருத்துவச்சிகள் பயின்ற பகுதியில் இறப்பு குறைவு. மருத்துவ மாணவர் பயின்ற பகுதியில் மிகுதி. பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதே காரணம் எனத் துணிந்து, குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். நூற்றுக்கு 18 என்றிருந்த சாவு, இரண்டே மாதங்களில் 2 அளவிற்கு இறங்கிற்று. எனினும் மருத்துவர் பலர் ஏற்கவில்லை. அவரோ 1861 வரை நூல் எழுதவில்லை. பின்னர் மறுத்தோரைக் கடுமையாகச் சாடினார். 1865இல் மனநோய் விடுதியில் மறைந்தார்.

நம் நாட்டுக்கு வருவோம். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் விரல்களோ மூட்டுவாதத்தால் கோணியவை. அங்கே ஒருவருக்கு அறுவை முடியுமுன் அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாயிருப்பார்; சிகிச்சையின் விளைவுகள் பதிவாகி ஆராயப்படும். 1992இல் அமைந்த லைகோ என்னும் அதன் பயிற்சி நிறுவனம், பிற மருத்துவமனைகளின் மருத்துவர், செவிலியர், நிர்வாகி ஆகியோரை ஒருங்கே அமர்த்தி, அவர்தம் குறைகளை அவர்களே கண்டு திட்டமிடச் செய்கிறது.

உண்மையைக் காண்பது பாதி வேலை. பிறர் அதனை மனமுவந்து ஏற்கச் செய்வது மறுபாதி. சாடினால் செவி அடைபடும். உடனமர்ந்து கணக்கைக் காட்டினால் உள்ளம் திறக்கும். நாளை மருத்துவராகவோ ஆசிரியராகவோ ஆகப்போகும் நீங்கள் இதனை மறவாதிருப்பீர்களாக!