பால்வாடியின் நேரமும் பயர் ஆபீஸின் நேரமும்

சிவகாசியைப் பற்றிய எழுத்துகளில் குழந்தைத் தொழிலாளி என்னும் சொல் வராத பக்கம் அரிது. 1983-இல் ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரையும், 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படமும் தீப்பெட்டி ஆபீஸ்களுக்குப் போன சிறுவர் சிறுமியரை நாடறியச் செய்தன. வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றுவிட்ட அக்காவை நாம் அதிகம் பார்த்ததில்லை. அம்மா விடியுமுன் கிளம்ப, தம்பியை இடுப்பில் சுமந்தவள் அவள். மழை பொய்த்த கரிசல் ஊர்களில் பெண்ணின் கூலி இல்லாமல் அடுப்பெரியாது. அந்தக் கூலிக்கு முட்டுக்கொடுத்தது கூலியே இல்லாத இந்தச் சிறுமியின் உழைப்பு.

சட்டம் இதை அறியாததல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 48-ஆம் பிரிவில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறையும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணும் வேண்டும் என்றது. ஐம்பது பெண்கள் வேலை செய்தால் என்றிருந்த வரம்பு 1976-இல் முப்பதாகக் குறைந்தது. ஆனால் தீப்பெட்டித் தொழில் சிறுசிறு பட்டறைகளாகவும், வீட்டுத் திண்ணையில் கூடு ஒட்டுவதாகவும் சிதறிக் கிடந்தது. திண்ணைக்கு எந்தப் பிரிவு பொருந்தும்? பட்டாசு ஆலையிலோ, வெடிமருந்துக்குப் பக்கத்தில் தொட்டில் கட்ட எந்தத் தாய்தான் துணிவாள்?

விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவு பள்ளிப் பிள்ளைகளுக்கானது. பள்ளி வயதை எட்டாதவர்களுக்குத் தட்டு வைத்தது, 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம். இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான கிராமத்துக் குழந்தைகளுக்காக ஊர்தோறும் மையம். பணியில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. பிள்ளை பார்த்தல் முதன்முறையாகப் பரவலாக ஊதியம் பெறும் வேலையானது இங்கேதான் என்பது நம் கணிப்பு. குறையும் அங்கேயே இருந்தது. திட்டம் சோற்றை மையமாகக் கொண்டது. அதன் கடிகாரம் உலை கொதிக்கும் நேரத்தைப் பார்த்து ஓடியது, பயர் ஆபீஸ் வண்டியைப் பார்த்தன்று. இரண்டு வயது நிரம்பாத கைக்குழந்தைக்கு அங்கே இடமுமில்லை.

எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பைப் படிக்கையில் இந்த இடைவெளி துலங்குகிறது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் செலுத்த வேண்டும். அருமையான தீர்ப்புதான். ஆனால் அந்த ஒருவர் தாயாக இருந்து, அக்காவும் பள்ளிக்குப் போய்விட்டால், தொட்டிலை ஆட்டுவது யார்?

விடை தேடி 2006-இல் ராஜீவ் காந்தி பெயரில் தேசியக் காப்பகத் திட்டம் வந்தது. 2022-இல் அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் 'பால்னா' வந்தது. பிள்ளைகளைப் பார்ப்பவர்களின் கதை மெல்லவே நகர்ந்தது. அங்கன்வாடிப் பணி அரசுப் பதவி ஆகாது என்று 2006-இல் உச்சநீதிமன்றம் கூறியது. அவர்கள் பெற்றது சம்பளமன்று, மதிப்பூதியம். மதிப்பு மிகுதி, ஊதியம் சொற்பம். குஜராத்தில் தொடங்கிய வழக்கொன்றில் 2022 ஏப்ரல் 25 அன்று அதே நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை பெற உரியவர்கள் என்றது. 1982-இல் இளம்விதவையாகப் பணியில் சேர்ந்த ஆயாக்கள் பலர் அதற்குள் ஓய்வுபெற்றிருந்தனர்.