சீட்டு இல்லாத கல்

சிதம்பரம் வண்டல் பூமி. கோயில் கருங்கல்கூட வெளியிலிருந்து வந்ததுதான். அங்கே வேலை பார்த்தபோது பிள்ளைகளிடம், "ஊருக்குள்ளேயே கல் தேடுங்கள், பழைய சுவரை மட்டும் தட்டாதீர்கள்" என்பேன். தேவனாம்பட்டினத்துக் கருமணல், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, சாலையோர ஜல்லி என்று பெட்டி நிறைந்தது.

ஊருக்குள் இருந்த கல்லொன்று உலகப் பெயர் பெற்ற கதையும் சொல்வேன். கடலூரில் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய அதே 1690இல் கல்கத்தாவில் குடியேறியவர் ஜோப் சார்னாக். அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அதன் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அந்தப் பாறை வகைக்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். சென்னைப் பல்லாவரம் குன்றுகளில் இருப்பதும் அதே பாறைதான். கல் நிற்கும் இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு. இரண்டும் தெரிந்தால்தான் அது சரித்திரம்.

ஓய்வு பெறும்போது எங்கள் பெட்டியைத் திறந்தேன். சீட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. மணலும் நிலக்கரியும் அடையாளம் தெரிந்தன. மற்றவை வெறும் ஜல்லி. எந்தப் பிள்ளை, எந்தத் தெருவில் எடுத்தது?

பேரப்பிள்ளைகள் கல் சேர்த்தால் சொல்லுங்கள்: கல்லிலேயே எண் எழுதட்டும். ஊர், இடம், தேதியை அன்றே நோட்டில் குறிக்கட்டும்.