பந்தக்கால் நட ஒரு துண்டுக் காணி

எங்கள் குழுவில் இருக்கும் தோழி ஒருத்தியின் குடும்பம் லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போயிருக்கிறது. பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஏழு பேர்ச் காணி, அதில் 550 சதுர அடி வீடு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. கணக்குப் போட்டுப் பார்த்தால் வீடு போக ஏறத்தாழ 1,350 சதுர அடி மிச்சம். அதில் பின்பக்கத்தை என்ன செய்யலாம் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு ஓடியபோது ஒருவர் ஒரு படம் அனுப்பினார். நாலு மரத்தூண், மேலே குறுக்குச் சட்டங்கள், படர்ந்த கொடி, கீழே இரண்டு கதிரை. ‘பெர்கோலா’ என்று பெயர் போட்டிருந்தது. தோழியின் அப்பாயி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இது சவுசவு பந்தல்தானே, இதுக்கு எதுக்குப் புள்ள இம்புட்டுப் பேச்சு?” என்றாராம்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அப்பாயி சொன்னது சரித்திரப்படி சரி. பெர்கோலா என்பது இத்தாலியச் சொல். சுவரிலிருந்து வெளியே நீட்டிய கூரையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்மிடம் அதற்குப் பந்தல் இருக்கிறது. அந்தச் சொல்லை ஆங்கிலமும் சிங்களமும்கூட நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டன. படரக் கொம்பில்லாத முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியும் ஒரு மலைநாட்டுக்காரன்தான். அவனிடம் தேர் இருந்தது. நம்ம ஆட்களிடம் கவ்வாத்து மலையில் பொறுக்கிய தேயிலை மிலாறும், கிரவீலியாக் கிளையும், மூங்கிலும் இருந்தன.

அப்படியென்றால் கேள்வி வேறு. இவ்வளவு காலம் பந்தல் போடத் தெரிந்த மக்களுக்கு, நின்று நிலைக்கிற ஒரு பந்தல் ஏன் இல்லாமல் போனது?

முதலில் ஊரின் வானிலையைப் பார்ப்போம். பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரம். நுவரெலியா மாதிரிக் கடும் குளிரும் இல்லை, கொழும்பு மாதிரிப் புழுக்கமும் இல்லை. அதனால் ‘சுகமான ஊர்’ என்று சொல்வார்கள். ஆனால் இங்கே வருஷம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காய்ந்த கச்சான் காற்றாக ஊவாவில் இறங்குகிறது. அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் பேசுகிற மணம் வருகிறது. அதே காற்றுதான் உதட்டை வெடிக்க வைக்கிறது, தகரத்தைக் கிளப்புகிறது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடியோடு பெருமழை. அதற்குப் பிறகு வடகீழ்ப் பருவ மழை, மூடுபனி, குளிர். ஒரே நாளில் நடுப்பகல் வெயில் மண்டையைப் பிளக்கும். ராத்திரி கம்பளி தேடவேண்டி வரும்.

இந்த வானிலையை யோசித்து இங்கே வீடு கட்டியவர்கள் இருந்தார்கள். பண்டாரவளை ஹோட்டல் 1893இல் தோட்டத் துரைமாருக்காக எழுந்தது. அப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் அடிசம் பங்களாவைக் கட்டினார். பங்களா என்றால் குளிருக்குக் கணப்பு அடுப்பு, வெயிலுக்கு அகலமான வராந்தா, காற்றுக்கு மறைப்பாக மரவரிசை, உட்கார்ந்து பார்க்க ஒரு பூந்தோட்டம். துரைக்கு உடம்பு இருந்தது, அதற்குச் சுகம் தேவைப்பட்டது என்பதைக் கட்டடமே ஒத்துக்கொண்டது.

லயம் அப்படி ஒத்துக்கொள்ளவில்லை. கோப்பிக் காலத்தில் தொடங்கி, கோப்பியை இலைநோய் அழித்த பின் தேயிலைக்கும் தொடர்ந்த ஏற்பாடு அது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு ஒடுங்கிய இஸ்தோப்பு. சில லயங்களில் இரண்டு வரிசை முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும்; அவற்றில் பின்கதவும் இல்லை, காற்று குறுக்கே ஓட வழியும் இல்லை. தகரக் கூரை பகலில் கொதிக்கும், விடியற்காலையில் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். தேயிலைக்கு உதவாத இடம் எதுவோ அதில்தான் பெரும்பாலும் லயம் நின்றது. பெரட்டுக்குப் போகும்வரை ஆட்கள் படுத்துக் கிடக்க ஒரு இடம். அவ்வளவுதான் கணக்கு.

இஸ்தோப்பு என்ற சொல்லுக்கு ஒரு கதை இருக்கு. ஒல்லாந்தர் வீட்டு முன்திண்ணையை ‘ஸ்டூப்’ என்றார்கள். அது கரையோரச் சிங்களத்தில் இஸ்தோப்புவ ஆகி, மலையேறி லயத்துக்கு வந்தது. 1900இல் தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் கைதிகளைப் பிரித்தானியர் தியத்தலாவைக்குக் கொண்டுவந்து தகரக் கொட்டில்களில் அடைத்தார்கள். அவர்களும் தங்கள் ஊர் வீட்டு முன்திண்ணையை அதே சொல்லால்தான் அழைத்தார்கள். பண்டாரவளையிலிருந்து சில மைல் தூரத்தில், ஒரு பேரரசு கூட்டிவந்த இரண்டு கூட்டம் மக்கள், ஒரே மாதிரித் தகரத்தின் கீழ், ஒரே சொல். போர் முடிந்ததும் கைதிகள் பெரும்பாலும் ஊர் திரும்பினார்கள். நம்ம ஆட்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

குடும்பம் பெருகியது, காம்பரா பெருகவில்லை. அதனால் இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்து ஒரு அறையாக்கினார்கள். அங்கே அடுப்பு வந்தது, அல்லது புதுசாகக் கல்யாணம் கட்டியவர்களின் படுக்கை வந்தது. இருந்த ஒரே நிழலும் இப்படி உள்ளே போனதும், வெளியே ஒரு நிழல் தேவைப்பட்டது. பந்தல் அங்கேதான் பிறந்தது. லயத்துக்குப் பின்னால், கானுக்கும் சுவருக்கும் நடுவில், அவரை, பாவக்காய், சவுசவு. மேலே காய், கீழே நிழல். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்த இடம் அதுதான். பிள்ளைகள் படித்ததும், பெரியவர்கள் சங்கத்துக் கதை பேசியதும் அங்கேதான்.

ஆனால் அந்த மண் அவர்களுடையது இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலைகளைப் பங்குபோட்டது. அடுத்த வருஷம் எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாதவர்கள் தேக்குத் தூணா நடுவார்கள்? 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. லயத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு தடவையும் காணி உறுதி கிடைக்கவில்லை. நாடற்றவர்களாய் மிஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைக் கேள்வியைத் தீர்க்கவே 2003 வரை ஆனது.

இதைப் பந்தலிலேயே பார்க்கலாம். ஆறு மாதத்தில் காய்த்து முடியும் கொடி, ஒரு வருஷத்தில் உக்கிப்போகும் கம்பு. “கழற்று” என்று யாராவது சொன்னால் ஒரு பின்னேரத்தில் கழற்றிவிடலாம். வீட்டு வடிவமைப்புப் புத்தகங்கள் தூணுக்கு எந்த மரம், கொடிக்கு எந்த இனம் என்று கேட்கும். நீங்கள் பத்து வருஷம் இங்கேயே இருப்பீர்களா என்று கேட்பதில்லை. அதை ஏற்கெனவே முடிவான விஷயமாக எடுத்துக்கொள்கின்றன. நமக்கு முடிவாகாமல் இருந்தது அது மட்டும்தான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. ஆனால் போக வேறு காணி? அதன் பிறகுதான் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற பேச்சு வேகம் பிடித்தது. இந்திய உதவித் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் மேலும் 10,000 என்ற அறிவிப்பு. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையிலேயே 2,000 பயனாளிகளுக்கு வீட்டு உரிமைப் பத்திரம் கொடுக்கும் விழா நடந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் வீடு கிடைத்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நம்ம தோழியின் குடும்பமும் அதில் ஒன்று.

சரி, பந்தலுக்கு வருவோம். எல்லாருமாக உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டோம். இதே மாதிரிக் காணி உள்ளவர்களுக்கு உதவும் என்பதால் எழுதி வைக்கிறோம். பண்டாரவளைக்கு ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலுக்கு மேலே இலை அடர்த்தியாக இருக்க வேண்டும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 60 பாகை உயரத்தில்தான் நிற்கும். அப்போது தெற்கு ஓரக் கொடியை வெட்டிவிட்டால் குளிருக்கு வெயில் உள்ளே வரும். கச்சான் வரும் மேற்குப் பக்கத்தில் தட்டி கட்டி அதிலும் கொடியை ஏற்ற வேண்டும். தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் இரும்புப் பிடி வைத்து நிறுத்தினால் கறையான் எளிதில் ஏறாது. சுவரோரம் மூன்றடிக்கு மட்டும் சரிவாகத் தகடு போட்டால் மழை நாளிலும் உட்காரலாம். முக்கியமானது கான். சரிவு நிலத்தில் கூரைத் தண்ணீரும் பந்தல் தண்ணீரும் மண்ணுக்குள் தேங்காமல் ஓடிப்போக வழி வெட்டாமல் ஒரு தூணும் நடக்கூடாது. மீரியபெத்தைக்குப் பிறகு இந்த ஊரில் இதை யாரும் சின்ன விஷயமாக நினைக்க முடியாது.

திட்டத்தை வாசித்தபோது தோழியின் அப்பா ஒன்றுதான் கேட்டார்: “உறுதி வந்த பொறகு செஞ்சா என்ன? இல்லாட்டி செலவழிச்சதெல்லாம்...” அவர் முடிக்கவில்லை. எங்களுக்கும் பதில் தெரியவில்லை. அது வடிவமைப்புக் கேள்வி இல்லை.

கல்யாண வீட்டில் முதல் வேலை பந்தக்கால் நடுவதுதான். கால் நட்டுவிட்டால் காரியம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்பாயி எங்கள் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. போன கிழமை நாங்கள் போனபோது பின்பக்கம் முளைவிட்ட சவுசவு காய் ஒன்றை நட்டு, பக்கத்தில் மூங்கில் கம்பு ஒன்றும் ஊன்றியிருந்தார். சவுசவு ஒரு தடவை பிடித்தால் வருஷக்கணக்கில் காய்க்கும். மூங்கில் அவ்வளவு காலம் தாங்காது. அதற்குள் அந்த இடத்தில் நல்ல தூண் நிற்க வேண்டும், வீட்டுக்குள் உறுதி இருக்க வேண்டும். முதலாவதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இரண்டாவதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.