ஹிஜ்ரி 446-இல் தோன்றிய விண்மீன்

இப்னு அபீ உஸைபிஆ, பதின்மூன்றாம் நூற்றாண்டில் மருத்துவர்களின் வரலாற்றை அரபியில் தொகுத்தார். பக்தாதின் கிறித்தவ மருத்துவர் இப்னு புத்லான் எழுதிய குறிப்பொன்றை அந்நூல் காத்து வைத்துள்ளது. ஹிஜ்ரி 446-இல் மிதுன இராசியில் புதிய விண்மீன் தோன்றியதென்றும், அதனைத் தொடர்ந்து கொள்ளைநோய் பரவியதென்றும் அவர் வரைந்தார். நோய்க்கு விண்மீனைக் காரணமாக்கியது அக்காலத்து நம்பிக்கை. ஆயினும் ஆண்டையும் இராசியையும் செவ்வனே குறித்தமையால், 1054-இல் சீனர் 23 நாட்கள் பகலிலும் கண்ட விண்மீனே அது என 1978-இல் ஆய்வாளர்கள் இனங்கண்டனர். வெடித்துச் சிதறிய அதன் எச்சமே நண்டு நெபுலா.

அங்கிருந்து வரும் காமா கதிரை நிலத்தில் நின்று அறிவது எவ்வாறு? பிரெஞ்சு அறிஞர் பியேர் ஓஷே 1938-இல், விலக்கி வைத்த தம் கருவிகள் ஒரே கணத்தில் துடிப்பதைக் கண்டார். விண்ணிலிருந்து வரும் ஆற்றல்மிக்க துகளொன்று காற்றில் மோதிப் பெருகி, துகள் மழையாகப் பொழிகிறது என்று தெளிந்தார். பரப்பிய கருவிகளுள் எது முந்தி உணர்ந்தது, எது பிந்தி உணர்ந்தது எனக் கணக்கிட்டால் மழை வந்த திசை தெரியும். துகள்களின் தொகையோ ஆற்றலைக் காட்டும்.

ஆனால் இம்மழைகளுள் மிகப் பெரும்பாலானவை மின்னேற்றமுள்ள அணுக்கருக்களால் விளைபவை. காந்தப் புலங்கள் அவற்றின் பாதையை வளைத்துவிடுவதால் பிறப்பிடத்தை அவை உரைப்பதில்லை. காமா கதிரோ நேராகவே வரும். இரண்டையும் பிரித்தறிவதிலேதான் அறிஞர் இடர்ப்பட்டனர்.

1983-இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர் இருவர், சிக்னஸ் எக்ஸ்-3 என்னும் இரட்டை விண்மீனிலிருந்து 4.8 மணி நேரச் சுழற்சியுடன் இத்தகு கதிர்கள் வருவதாக அறிவித்தனர். அறிவுலகம் வியந்தது. ஆனால் ஐயமும் உடன் எழுந்தது. அணுக்கரு மழையில் மியூவான் என்னும் ஊடுருவும் துகள்கள் மிகுதி. காமா மழையில் மிகக் குறைவு. கீலில் கண்ட மழைகளிலோ அவை குறைவாக இல்லை.

அமெரிக்காவின் உட்டா பாலையில் ஜேம்ஸ் குரோனின் முதலியோர் 1089 கருவிகளை நிலத்தின்மேல் பரப்பினர். மியூவான்களை எண்ணும் கருவிகளை மண்ணுள் புதைத்தனர். 1990-களில் பல்லாண்டு காத்திருந்தும் கீல் கூறிய அடையாளம் அவர்களுக்குக் கிட்டவில்லை. கிட்டவில்லை என்பதனையும் ஒளியாது வெளியிட்டனர். அந்நேர்மையை நாம் சிறிதாக எண்ணலாகாது.

புதைத்த கருவியே பின்னர் வழிகாட்டிற்று. திபெத்தில் 4300 மீட்டர் உயரத்தே அமைந்த களத்தில், நிலத்தடி நீர்த்தொட்டிகளைக் கொண்டு மியூவான் மிகுந்த மழைகளை விலக்கினர். எஞ்சியவற்றுள், 100 இலட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட 24 நிகழ்வுகள் நண்டு நெபுலாவின் திசையிலிருந்து வந்தவை என 2019-இல் அறிவித்தனர். 2021-இல் சீனத்தின் மற்றொரு மலைக்களம், 1100 இலட்சம் கோடியை எட்டிய ஒன்றையும் அங்கிருந்து கண்டது.

இப்னு புத்லான் கூறிய காரணத்தை இன்று எவரும் ஏற்பதில்லை. அவர் எழுதிய ஆண்டும் இராசியும் நிலைபெற்றுள்ளன. நம் இல்லங்களில் உறங்கும் பழைய ஏடுகளிலும் இத்தகைய குறிப்புகள் இருக்கக்கூடும். கரையான் அரிப்பதற்கு முன் அவற்றைப் பிரித்துப் பார்ப்போமாக.